நான்கு கதவு ஃபிரிட்ஜ், ரூ. 85,000: வாங்கும் முன் படியுங்கள்

உணவகங்களுக்கான பழைய இயந்திரங்களைப் புதுப்பித்து விற்பதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையதளத்தின் வழியாக, எங்கள் டிபன் கடைக்கு ரூ. 85,000 கொடுத்து வாங்கிய நான்கு கதவு ஸ்டீல் ஃபிரிட்ஜில் ஏமாற்றப்பட்டிருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் இப்படியொரு பெட்டியைத் தேடுபவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

கிடங்கில் ஓடவிட்டுத்தான் காட்டினார்கள். முகப்புத் திரையில் 3 டிகிரி ஒளிர்ந்தது. விற்பனையாளர் உள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்து, "தொட்டுப் பாருங்கண்ணா, இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றார். பாட்டில் சில்லென்றுதான் இருந்தது. அது எந்தப் பெட்டியில் குளிர்ந்ததோ! முழுத் தொகையையும் அங்கேயே அனுப்பினேன்.

கடையில் மாவும் பாலும் ஏற்றிய மறுநாளே மாவு பொங்கி வழிந்து புளித்துக் கிடந்தது. திரை அப்போதும் 3 என்றது. உள்ளே தனியாக வைத்த தெர்மாமீட்டர் 11 காட்டியது. எங்கள் மெக்கானிக் கன்ட்ரோலரின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தபோது, சென்சார் அளவை 8 டிகிரி குறைத்துக் காட்டும்படி திருத்தி வைத்திருந்தது தெரிந்தது. கூலிங் காயில், அவர்கள் சொன்னதுபோல் செம்பு அல்ல, அலுமினியம். அதிலிருந்த ஓட்டையின் மேல் எம்சீல் என்ற ஒட்டுப் பசையை அப்பியிருந்தார்கள். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமல் அதன் மேலேயே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ரூ. 85,000க்கு எனக்குக் கிடைத்தது அந்தப் பெயின்ட்தான்.

விற்றவரைக் கேட்டால் முதலில் வோல்டேஜ் சரியில்லை என்றார், பிறகு கதவை அடிக்கடி திறக்கிறோம் என்றார், கடைசியில் குளிரூட்டும் கேஸும் காயிலும் வாரண்டியில் வராது என்று போனை வைத்துவிட்டார். தாங்கள் வெறும் இடைத்தரகர் என்றும், வணிகத்துக்கு வாங்கிய நான் நுகர்வோரே அல்ல என்றும் இணையதளத்தார் பதில் அனுப்பினார்கள். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. காலிப் பெட்டி குளிர்வதை நம்பாதீர்கள். சாதாரணத் தண்ணீர் கேன்களை நிரப்பிச் சில மணி நேரம் ஓடவிட்டு, உங்கள் சொந்தத் தெர்மாமீட்டரில் பாருங்கள். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி அடித்துக் கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்பச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். காயில், கேஸ், கம்ப்ரஸர் மூன்றுக்கும் வாரண்டி உண்டு என்று பில்லிலேயே எழுதித் தர மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.