"கீமோவை நிறுத்திட்டு இதைக் குடிங்க" என்று சொன்னவரை நம்பி இழந்தது

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது: மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, கூடவே 14 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. மூன்று சுற்று முடிவதற்குள் துவண்டுவிட்டார். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற அந்த ஊசி மருந்து ஏறிய சில நாளுக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால்கூட விரலெல்லாம் முள்ளாய்க் குத்தும். அந்தப் பலவீனமான நேரத்தில்தான் தெரிந்தவர் மூலம் அந்த ஆள் வந்தார்.

"தம்பி, அப்பாவை ஏன் இந்த விஷத்தால வதைக்கிறீங்க? இது புளிக்கவைத்த கோதுமை முளைக்கருச் சாறு. நோபல் பரிசு வாங்கின கண்டுபிடிப்பு. கீமோவை நிறுத்திட்டு ஆறு மாசம் குடிக்கச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

கடைசி வாக்கியத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தச் சாற்றைப் பொடியாகத்தான் விற்றார்; ஆறு மாதத்துக்கான பொடிக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். அப்பா மாத்திரையை நிறுத்தினார், ஊசிக்கும் போகவில்லை. ஐந்தாம் நாளே வயிறு உப்பி, பேதி தொடங்கியது. போன் செய்தால், "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். உடம்பில் நீர் வற்றி, அப்பா எழுந்து நிற்க முடியாமல் போன அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குள் இரண்டு சுற்று கீமோ தவறிப் போயிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

அப்பா படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான், பொடி விற்றவர் கொடுத்த துண்டறிக்கையில் ஆதாரமாகக் காட்டிய ஆய்வைத் தேடிப் படித்தேன். 2003-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர் என்ற மருத்துவ இதழில் வந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வந்த 170 பேர். 66 பேர் தினமும் 9 கிராம் சாறு குடித்தார்கள், 104 பேர் குடிக்கவில்லை. குடித்தவர்களில் இறந்தவர்கள் 12.1 சதவீதம், குடிக்காதவர்களில் 31.7 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். போடாமல் விட்டது இதுதான்: அந்த 66 பேரும் வழக்கமான புற்றுநோய் சிகிச்சையோடு சேர்த்துத்தான் இதைக் குடித்தார்கள். சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. எங்களிடம் ஆதாரம் என்று நீட்டிய தாளே அவர் சொன்னதற்கு எதிராக இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். யார் குடிப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை, நோயாளிகளே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். அதிலும் 6 மாதத்துக்கு மேல் குடித்தவர்களைத்தான் அந்தக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் தாண்டிக் குடிக்க ஒருவர் முதலில் அத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும், விழுங்கும் தெம்பும் வேண்டும். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு சாற்றால் வந்தது, எவ்வளவு அவர்களுக்கு முன்பே இருந்த உடல்நிலையால் வந்தது என்று இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

நோபல் கதையும் பொய். ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937-ல் பரிசு வாங்கியது உயிரணுக்களுக்குள் நடக்கும் ஆக்சிஜனேற்றம், வைட்டமின் சி பற்றிய வேலைக்கு. கோதுமை முளைக்கருவிலும் இருக்கும் குயினோன் என்ற வேதிப்பொருள்களுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பின்னாளில் அவர் யோசித்தது உண்மை. ஆனால் அவர் 1986-லேயே இறந்துவிட்டார். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, கோதுமை முளைக்கருவை ஈஸ்ட்டால் புளிக்கவைத்து இந்தச் சாற்றை 1990-களில் உருவாக்கியவர்கள் வேறு ஹங்கேரியர்கள்.

சாற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதில் இன்னும் ஆராய வேண்டியது இருக்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்ன வாய் மேல்தான் கோபம். 2018-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயரில் வரும் இதழில் ஒரு ஆய்வு வந்தது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இறக்கும் ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்று அதில் இருக்கிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் நான்கு மடங்குக்கும் மேல். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் திட்டவில்லை. "முதல்லயே டப்பாவைக் கொண்டுவந்து காட்டியிருந்தா, கீமோவோட இதைக் குடிக்கலாமா வேண்டாமான்னு பார்த்துச் சொல்லியிருப்பேனே" என்றார். ஊசியால் கை மரத்தது பற்றியும் அப்போதுதான் சொன்னோம். அளவைக் குறைத்தார். அதற்கு வழி இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

உங்களிடமும் யாராவது இந்தப் பொடியோடு வந்தால், ஆய்வில் இருந்தவர்கள் சிகிச்சையை நிறுத்தினார்களா என்று கேளுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் இது கோதுமைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பாவுக்கு நேற்று ஐந்தாவது சுற்று ஏறியது.