சிஎன்சி ரூட்டரில் கியர் ஆட்டம்: மூன்று வருட அனுபவம்

கோயில் கதவுக்காக நான் வெட்டிக் கொடுத்த தாமரை வளையத்தைத் தச்சுவேலை செய்யும் ஓடாவியார் பெருவிரலால் ஒருமுறை சுற்றித் தடவினார். "தம்பி, நாலு இடத்தில விரல் தட்டுதே" என்றார். என் கண்ணுக்குப் படாததை அவர் விரல் பிடித்துவிட்டது. மேல், கீழ், இடம், வலம். மெஷின் திசை திரும்புகிற அதே நாலு புள்ளிகள்.

மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட எங்கள் பட்டறை. மெஷின் கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டும் சிஎன்சி ரூட்டர்; எட்டடி நீளம், பல்தண்டில் (பல் வெட்டிய நீளத் தண்டு) பினியன் (சின்னப் பல்சக்கரம்) ஓடுகிற வகை. மோட்டர் எதிர்ப்பக்கம் திரும்பும்போது, இரண்டு பற்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கடந்த பிறகுதான் பாரம் அசையும். அதுதான் பேக்லாஷ், பட்டறைப் பேச்சில் 'ஆட்டம்'. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன்: 0.18 மிமீ.

முதலில் மெஷினை ஓட்டும் மாக்3 மென்பொருளில் அந்த அளவைப் போட்டு ஈடுசெய்யப் பார்த்தேன். வேம்பில் வளையம் ஓரளவு சரிவந்தது, கடினமான முதிரை மரத்தில் மறுபடியும் பிசகியது. மென்பொருள் மோட்டரைக் கொஞ்சம் கூடச் சுழற்றும், அவ்வளவுதான். இடைவெளி அங்கேயேதான் இருக்கும். கட்டர் மரத்தைக் கவ்வி இழுக்கும்போது கேன்ட்ரி (கட்டரைத் தாங்கி ஓடும் பாலம்) அந்த இடைவெளிக்குள் நகர்ந்துவிடும்.

அப்புறம் பினியனைத் தண்டோடு அழுத்தி இறுக்கிப் பூட்டினேன். பல்லின் பக்கச் சாய்வு 20 பாகை என்றால், 0.1 மிமீ உள்ளே தள்ளினால் ஆட்டம் ஏறக்குறைய 0.07 மிமீ குறையும். கணக்கு சரிதான். ஆனால் இரண்டு பல்தண்டுகள் சேரும் மூட்டில் பினியன் சிக்கி, மோட்டர் ஸ்டெப் தவறி (சொன்ன அளவு சுழலாமல்), ஒரு நல்ல தேக்குப் பலகை வீணாய்ப் போனது. அந்தப் பலகையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கடைசியில் பலன் தந்தது ஸ்பிரிங்தான். மோட்டர் தகட்டின் ஒரு முனைக்கு அது சுழலும்படி ஆணி போட்டு, மறுமுனையை ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும்படி லேத் பட்டறையில் செய்வித்தேன். பினியன் எப்போதும் பல்லோடு ஒட்டியே இருக்கும், மூட்டு வந்தால் மயிரிழை விலகிக் கொடுக்கும். ஸ்பிரிங்கின் பலத்தில் கவனம் வேண்டும்: பல்லைத் தள்ளும் விசையில் ஏறக்குறைய 36 சதவீதம் பினியனை வெளியே தள்ளப் பார்க்கும். ஸ்பிரிங் அதைவிடப் பலமாக இல்லாவிட்டால் ஆழமாக வெட்டும்போது பினியன் பல்லில் ஏறிவிடும். மிதமிஞ்சினால் மோட்டர் சுடும், பல்லும் தேயும்.

மோட்டருக்கும் பினியனுக்கும் நடுவிலிருந்த கியர்பாக்ஸையும் கழற்றிவிட்டு 3:1 டைமிங் பெல்ட் (பல் வைத்த பெல்ட்) போட்டேன். 15 ஆர்க்மினிட் (கால் பாகை) ஆட்டமுள்ள கியர்பாக்ஸ் 25 மிமீ விட்டமுள்ள பினியனோடு சேர்ந்தால், அது மட்டுமே 0.05 மிமீ பிசகைக் கொண்டுவரும்.

எல்லாம் பூட்டிய அன்று ஆட்டம் 0.03 மிமீ. மூன்று வருடம் கழித்துப் போன மாதம் பார்த்தேன், 0.05. கதவுவேலைக்கு இது தாராளம்.

எங்கள் பக்கத்தில் பராமரிப்புதான் பெரிய வேலை. பல்தண்டில் கிரீஸ் தடவினால் மரத்தூள் சேர்ந்து களியாகிவிடும், கச்சான் காற்று வீசும் நாட்களில் புழுதியும் சேரும். நான் கிரீஸை விட்டுவிட்டேன். கிழமைக்கு ஒருதரம் பிரஷால் தட்டி, மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். மாரியில் இரண்டு தரம், இல்லையென்றால் உப்புக்காற்றில் துரு பிடித்துவிடும்.

பினியனை மட்டும் ஒருமுறை மாற்றினேன். பல்லின் நுனி கத்திபோல மெலிந்திருந்தது. பல்தண்டு இன்னும் பழையதுதான்.