மயிர்க்கால் கட்டி பயாப்சி: காந்திபுரம் லேப் எப்படி?

கோபி, தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் கிளினிக்குகளில் வெட்டி எடுக்கிற தோல் கட்டிகள் பெரும்பாலும் கோவைக்குத்தான் பரிசோதனைக்குப் போகின்றன. காந்திபுரத்தில் உள்ள இந்த லேபை பைலோமேட்ரிகோமாவுக்குத் தாராளமாக நம்பலாம். குழந்தைகளுக்குக் கழுத்திலோ கன்னத்திலோ கல் மாதிரி கெட்டியாக வருகிற, புற்று அல்லாத மயிர்க்கால் கட்டி அது.

இதில் வேலை வாங்குவது கட்டிக்குள் படிகிற சுண்ணாம்புதான் (கால்சியம்). சுண்ணாம்பு படிந்த கட்டியை அப்படியே பாரஃபின் மெழுகில் பதித்து (இந்த மெழுகுத் துண்டுதான் பிளாக்) வெட்டினால் செக்ஷன் என்கிற மெல்லிய சீவல் கிழியும், ஸ்லைடில் கோடு கோடாக விழும். இங்கே கட்டியைக் குறுக்கே அறுக்கும்போது கத்தி நறநறத்தால், அந்தத் துண்டை மட்டும் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்கிறார்கள். மென்மையான துண்டு தனி பிளாக்குக்குப் போகிறது. அமிலம் அதிகம் பட்டால் உட்கரு சாயம் ஏற்காமல் வெளுத்துவிடும். அதனால்தான் இப்படிப் பிரிப்பது அவசியம்.

ரிப்போர்ட்டும் ஒற்றை வரியில் முடிவதில்லை. ஓரத்தில் கருநீலமாக நெருங்கிக் கிடக்கும் பேசலாய்டு செல்கள் (முதிராத மயிர்க்கால் செல்கள்), உட்கரு இருந்த இடம் வெறுமையாகத் தெரியும் இளஞ்சிவப்பு நிழல் செல்கள், அவற்றைச் சுற்றிய ராட்சத செல்கள், கட்டி வெட்டிய விளிம்பு வரை வந்திருக்கிறதா என்பது எல்லாம் இருக்கும். நாள்பட்ட கட்டியில் நிழல் செல்கள் மட்டுமே மிஞ்சலாம், அதையும் குறிப்பிடுகிறார்கள். பேசலாய்டு செல்கள் வேகமாகப் பிரிவதை மட்டும் பார்த்துப் புற்று என்று பயமுறுத்துவதில்லை. ஊசிப் பரிசோதனையில் அந்தச் செல்கள் மட்டும் வந்தால், கட்டியை முழுதாக எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். மிகச் சரியான அணுகுமுறை.

புற்று அல்லாத இன்னொரு மயிர்க்கால் கட்டியான ட்ரைக்கோஎபிதீலியோமாவில்தான் குறை. மேலாகச் சீவிய துண்டு வந்தால் அதைப் போலவே தெரியும் தோல் புற்றான 'பேசல் செல் கார்சினோமாவை விலக்க இயலவில்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அடித்தோல் வரை ஆழமாக எடுத்த துண்டு வேண்டும் என்று அதிலேயே கேட்டிருக்க வேண்டாமா? இரண்டையும் பிரித்தறிய உதவும் இம்யூனோ சாயமும் (செல்லில் உள்ள புரதங்களை ஆன்டிபாடியால் காட்டும் சாயம்) இங்கே கிடையாது. பிளாக் வெளியே போய்வரத் தாமதமாகும்.

அனுப்புகிறவர்கள் அகலவாய் பாட்டிலில், துண்டைப் போல் குறைந்தது 10 மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலின் ஊற்றுங்கள். சலைனில் போட்டால் சித்திரை வெயிலில் பஸ் பார்சல் வந்து சேர்வதற்குள் திசு கெட்டுவிடும். ஃபாரத்தில் வயது, கட்டி இருந்த இடம், எத்தனை மாதமாக இருக்கிறது என்பதை எழுதுங்கள். பிளாக்கும் ஸ்லைடும் கேட்டால் தருகிறார்கள். வேறு இடத்தில் இரண்டாவது கருத்து வாங்க அவை போதும்.