சைட் வேலிக்கு ஷீட் வாங்குறவங்க கவனிங்க: 1,42,000 ரூபாய் போச்சு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,42,000 ரூபாய். 200 அடி நீளத்துக்குத் தற்காலிக வேலி, அடிக்கு 710 ரூபாய், ஜிஎஸ்டி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து. வந்து இறங்கியதை வேலி என்று சொல்ல வாய் வரவில்லை. கடலூர், புதுச்சேரி பக்கம் இப்போது யாராவது இதே மாதிரி ஆர்டர் போடும் யோசனையில் இருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சைட் திருப்பாதிரிப்புலியூர் பக்கம், ரோட்டை ஒட்டிய கடைக் கட்டடம். அஸ்திவாரக் குழி ஆறு அடி. குழி விளிம்புக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு அடிதான் இடம். அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அங்கே சவுக்குக் கட்டை நட்டு பச்சை வலை கட்டினால் போதாது. வலை மறைக்கும், தடுக்காது. யாராவது சாய்ந்தால் வலையோடு சேர்ந்து குழிக்குள் போவார்கள். அதனால்தான் 8 அடி உயரத்துக்குக் கலர் கோட்டிங் ஷீட், அதாவது பெயின்ட் பூசிய இரும்புத் தகடு, வேலி கேட்டோம்.

கேட்டது இது: 0.50 மி.மீ. கனத்தில் 61 ஷீட். எட்டு அடிக்கு ஒன்றாக 10 அடி நீளத்தில் 26 போஸ்ட், எல்லாம் இரண்டு அங்குல ஆங்கிள் (L வடிவ இரும்பு), 50×50×6, அதாவது இரண்டு பக்கமும் 50 மி.மீ., கனம் 6 மி.மீ. குறுக்கே மூன்று வரிசை 25×25×3 ஆங்கிள். வாஷரோடு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, தானே ஓட்டை போட்டு இறங்கும் வகை. கொட்டேஷனில் இவ்வளவும் அப்படியே எழுதி அனுப்பினார்கள்.

வாங்கியது, விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்துவிடும் ஆன்லைன் தளம் ஒன்றின் மூலம். பெயர் போடவில்லை. ஒரு பொருளைத் தேடினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் போன் பண்ணுவார்களே, அந்த வகைத் தளம். விற்றவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற முத்திரையும் இருந்தது.

எங்கே நம்ப வைத்தார்கள் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு யாரிடமும் இதே வித்தையைத்தான் காட்டுவார்கள். வீடியோ கால் போட்டு குடோனைக் காட்டினார் விற்றவர். அடுக்கிலிருந்து ஒரு ஷீட்டை இழுத்து, ஓரத்தில் மைக்ரோமீட்டரை வைத்து 0.50 என்று காட்டினார். "சார், அளந்து பாத்துட்டு அப்புறம் பணம் போடுங்க" என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை கூரியரில் அனுப்பினார். கடலூரில் அளந்தாலும் 0.50தான். விலையும் சந்தை விலைதான், சந்தேகப்படும்படி மலிவாக இல்லை. 70 சதவீதம், அதாவது 99,400 ரூபாய், முன்பணமாகப் போனது. மீதி 42,600 லோடு வந்ததும்.

ஆனால் பில்லில் என்ன எழுதி வந்தது தெரியுமா? 'ஃபென்சிங் மெட்டீரியல் - 1 செட்'. கனம் இல்லை, எடை இல்லை, எண்ணிக்கை இல்லை. மொத்த மோசடியும் அந்த 'ஒரு செட்'டுக்குள் இருக்கிறது.

லோடு இருட்டிய பிறகுதான் வந்தது. மேலே தார்ப்பாய். மீதிப் பணம் ஏறினால்தான் கயிற்றை அவிழ்ப்பேன் என்று டிரைவர் நின்றார், அப்படித்தான் அவருக்கு உத்தரவாம். பணம் ஏறியது, கயிறு அவிழ்ந்தது. மேலே கிடந்த நாலு ஷீட் 0.50. அதற்குக் கீழே எல்லாம் 0.32! கட்டை விரலால் அழுத்தினால் நடுவில் குழி விழுகிறது. ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்று இறுக்கினால் ஓட்டை நீள்வட்டமாகக் கிழிந்து, வாஷர் உள்ளே போய்விடுகிறது. போஸ்ட் எல்லாம் ஒன்றரை அங்குல ஆங்கிள், 40×40×3. ஒன்றேகால் டன்னை ஒட்டி வர வேண்டிய சரக்கு, மறுநாள் எடை மேடையில் 750 கிலோவைக்கூடத் தொடவில்லை.

இது அழகுப் பிரச்சினை இல்லை. 50×50×6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, 40×40×3 மீட்டருக்கு 1.8 கிலோ. வளைவைத் தாங்கும் பலத்தில் இரண்டாவது முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். மணிக்கு 100 கி.மீ. காற்று அடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம். எட்டுக்கு எட்டு அடி வேலியில் ஒரு போஸ்ட் வாங்கும் தள்ளு கிட்டத்தட்ட 280 கிலோ. புயல் காற்று நம் கடற்கரைக்குப் புதிது இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. ஒன்றரை அங்குல ஆங்கிள் அடியோடு மடங்கி, 0.32 ஷீட் கத்தி மாதிரி ரோட்டுக்குப் பறந்தால் யார் கழுத்துக்குப் போகும் என்று விற்றவனுக்கு ஒரு நிமிடமாவது தோன்றியிருக்குமா?

பிறகு போன் போட்டால் கிடைத்த பதில்கள். முதல் பதில்: "அது டோட்டல் கோட்டட் திக்னஸ் சார், பெயின்ட் எல்லாம் சேர்த்துத்தான் 0.50." வடிகட்டிய பொய். பெயின்ட்டும் உலோகப் பூச்சும் சேர்ந்தாலும் பொதுவாக 0.07, 0.08 மி.மீ.தான் வரும். மேலும் நாங்கள் அளந்த 0.32 பெயின்ட்டோடு சேர்த்த அளவு. இரண்டாவது பதில்: "லோடிங்கில் பசங்க மாத்திட்டாங்க, பார்த்துச் சொல்றேன்." மூன்றாவது முறை போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. தளத்தின் கஸ்டமர் கேரில், "நாங்க இடைத்தரகர் மட்டும்தான் சார், பணம் எங்க வழியா வரலை" என்று சொல்லி டிக்கெட்டை மூடினார்கள். மறுபடி திறந்தால், அதே பதிலை ஒட்டி மறுபடி மூடினார்கள். சரிபார்க்கப்பட்டவர் என்ற முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பார்ப்பதுதானாம். 1,42,000 ரூபாய்க்கு அவ்வளவுதான் பொறுப்பு.

சட்டப்படியும் வழி குறுகல். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை, சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கினால் மட்டும் விலக்கு. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தால் சரக்கு வந்திருக்கிறதே, இது சிவில் விவகாரம் என்கிறார்கள். சொந்த வீடு கட்டுகிறவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தாராளமாகப் புகார் செய்யலாம்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. முக்கியமானது மட்டும்.

அடிக் கணக்கில் வேலி வாங்காதீர்கள். கிலோக் கணக்கில் வாங்குங்கள். 8 அடி நீளம், மூன்றரை அடி அகல 0.50 ஷீட் ஒன்று பத்தரை முதல் பதினொன்றரை கிலோ வரும். எங்களுக்கு வந்தது ஆறரை. 10 அடி 50×50×6 போஸ்ட் 13.7 கிலோ, 40×40×3 என்றால் ஐந்தரைதான். சைட்டில் ஒரு தராசு இருந்தால் மைக்ரோமீட்டரே வேண்டாம்.

பில்லில் கனம், எண்ணிக்கை, மொத்த எடை மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மாதிரித் துண்டை நம்பாதீர்கள். லோடு பகலில் வரட்டும், எடை மேடைச் சீட்டு வந்த பிறகு மீதிப் பணம். அடுக்கின் நடுவிலிருந்து உருவி அளந்து பாருங்கள்.

போஸ்ட்டுக்கு அடியில் பேஸ் பிளேட் (இரும்புத் தகடு) வைத்து, தரையில் இறக்கும் ஆங்கர் போல்ட்டில் நிறுத்தலாம் என்பார்கள். கெட்டியான கான்கிரீட் தளம் இருந்தால் சரி, மண்ணில் நிற்காது. ஒரு அடி சதுரம், இரண்டு அடி ஆழம் தோண்டி 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போடுங்கள். தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் கடலோர மணலில் மூன்று அடி ஆழமும், ஒரு போஸ்ட் விட்டு ஒரு போஸ்ட்டுக்கு உள்பக்கம் முட்டுக் கொடுப்பதும் கட்டாயம். ஷீட்டின் அடியில் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி மண் இளகிப் போஸ்ட் சாயும். ஷீட்டை வெட்டிய ஓரங்களில் ஜிங்க் பெயின்ட் அடியுங்கள், உப்புக் காற்றுக்குத் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். கேட் உள்பக்கம் திறக்கட்டும். வண்டி வெளியே வரும் மூலையில் பத்து அடிக்கு ஷீட்டுக்குப் பதில் கம்பி வலை வையுங்கள், ரோட்டில் வருகிறவர் டிரைவர் கண்ணில் பட வேண்டும்.

அந்தத் தளத்தில் இன்றைக்கும் அதே குடோன் படம், அதே 710 ரூபாய் ஓடிக்கொண்டிருக்கிறது. 'செட்' என்று கொட்டேஷன் வந்தால் மொத்த எடை எத்தனை கிலோ என்று கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் போனை வையுங்கள்.