கப்பலில் இரண்டு இணைய இணைப்பு: வீட்டுக்குப் பேசியவனின் அனுபவம்

சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர் வேலை, ஊர் தூத்துக்குடி. போன கான்ட்ராக்ட் முழுக்க விசாட், அதாவது கப்பலில் இருக்கும் டிஷ் ஆண்டெனா வழியாக வரும் செயற்கைக்கோள் இணைப்புதான். இந்த முறை அதே கப்பலில் பூமிக்குப் பக்கத்தில் சுற்றுகிற தாழ்வட்டச் செயற்கைக்கோள் இணைப்பும் வந்திருக்கிறது.

விசாட்டில் 4 எம்பிபிஎஸ் வேகம், அதில் குறையில்லை. மெயில் போகும், வாட்ஸ்அப் செய்தி போகும், இரவு போட்டுவிட்டால் காலையில் படம் இறங்கியிருக்கும். பேச்சுதான் நடக்காது. "சாப்பிட்டியா?" என்று மனைவியிடம் கேட்பேன். சத்தமே இருக்காது. சரி, கேட்கவில்லை போல என்று மறுபடி ஆரம்பித்தால் அவள் பதில் அதன்மேல் வந்து விழும். இரண்டு பேரும் நிறுத்துவோம். "நீங்க சொல்லுங்க", "நீ சொல்லு" என்பதும் மோதிக்கொள்ளும். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள்தான் வழி கண்டுபிடித்தாள். பேசி முடித்ததும் "சொல்லிட்டேன்ப்பா" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் வாய் திறப்பேன்.

பிங், அதாவது ஒரு தகவல் போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம், பார்த்தால் 640 மில்லிநொடி. ஆண்டெனாவை மூடியிருக்கும் டோமையும் மோடமையும் நானே சோதித்தேன், பழுது எதுவும் இல்லை. விசாட்டின் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. குரல் அங்கே ஏறித் தரைக்கு இறங்க, ஒளியின் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகிவிடும். பதில் வர இன்னொரு கால் நொடி. மிச்சம் கருவிகளுக்கு. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 4 எம்பிபிஎஸ்ஸை 8 ஆக்கினாலும் இந்தத் தூரம் குறையாது. பேக்கேஜ் விற்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. வீட்டை விட்டு ஆறு மாதம் கடலில் கிடப்பவனிடம் மறைக்கிற விஷயமா இது?

வங்கித் தளம் திறப்பதும் பாடுதான். பாதுகாப்பான பக்கம் திறக்கும் முன் இரு பக்கமும் பலமுறை கேட்டுப் பதில் வாங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரை நொடிக்கு மேல் போகும். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன் இன்னும் மோசம். சாதாரணமாக, "தகவல் வந்து சேர்ந்தது" என்ற பதிலை மறுமுனைக்குக் காத்திராமல் மோடமே கொடுத்துச் சமாளிக்கும். விபிஎன் எல்லாவற்றையும் பூட்டி அனுப்புவதால் அந்த வேலை நடக்காது.

புதிய இணைப்பின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில்தான் ஓடுகின்றன. பிங் 45 முதல் 60 மில்லிநொடி. முதல் நாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் குறுக்கே புகுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்த இடத்திலேயே கேட்டது. எனக்கு அதுவே போதும், முழு மதிப்பெண்.

பழைய டோமைக் கழற்றவில்லை, கழற்றவும் கூடாது. சில நாடுகளின் கடல் எல்லைக்குள் புதிய இணைப்புக்கு அனுமதி கிடையாது, அணைத்துவிட வேண்டும். போன வாரம் அப்படி நான்கு நாள். வீட்டில் மறுபடி "சொல்லிட்டேன்ப்பா" ஆரம்பித்துவிட்டது.