ஆர்வி ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடணுமா, 12 வோல்ட்லயா? வண்டி ஓடறப்ப சிலிண்டர் வால்வு எப்படி இருக்குன்னு பாருங்க

இங்க அமெரிக்கால ஆர்வி, அதாவது வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போய் உள்ளேயே தங்கற பழைய ட்ரைலர் வாங்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்தக் கேள்வில வந்து நிக்கறாங்க. எங்களோடதும் பழசுதான், 2-வே ஃப்ரிட்ஜ், அதாவது புரொப்பேன்லயும் ஓடும் கேம்ப்கிரவுண்ட் 120 வோல்ட் கரண்ட்லயும் ஓடும். அதோட கூலிங் யூனிட் ஆயுசு முடிஞ்சதும் திரும்ப கேஸ் ஃப்ரிட்ஜே போடறதா இல்ல 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு மாறறதான்னு வீட்டுல ரொம்ப நாள் பேச்சு, கடைசில 12 வோல்ட் போட்டோம். நான் அந்தப் பக்கம்தான் பேசுவேன், முதல்லயே சொல்லிடறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சதை சீக்கிரம் முடிச்சிடலாம். கேஸ் ஃப்ரிட்ஜ் ஜில்லாக ஒரு ராத்திரி பூரா ஆகும், கம்ப்ரசருக்கு சில மணி நேரம் போதும். வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா கேஸ் ஃப்ரிட்ஜ் திணறும், தோசை மாவு உள்ளேயே பொங்கிடும். வண்டி கொஞ்சம் சாய்ஞ்சு நின்னாலும் அதுக்கு ஆகாது, உள்ள இருக்கற அம்மோனியா கரைசலை பாய்லர்ல சூடாக்கித்தான் அது குளிரை உண்டாக்குது, அந்தக் கரைசல் புவியீர்ப்புலதான் திரும்ப பாய்லருக்கு வரணும், வரலைன்னா பாய்லர் காய்ஞ்சு கெட்டுப்போகும். விலையும் 12 வோல்ட்தான் கம்மி. இப்ப வர்ற புது ட்ரைலர்ல பெரும்பாலும் 12 வோல்ட்தான்ங்கறதால விக்கறப்பவும் யாரும் குறை சொல்லப்போறதில்ல.

எங்களை முடிவு பண்ண வெச்சது இதெல்லாம் இல்ல. வண்டி ஹைவேல போறப்ப சிலிண்டர் வால்வு திறந்திருக்கா மூடியிருக்கா, அது ஒண்ணுதான்.

2-வே ஃப்ரிட்ஜ்ல வண்டி ஓட்டறப்ப குளிர் வேணும்னா பொதுவா கேஸ்லதான் ஓடணும். அப்ப என்ன ஆகும்னா, முன்னாடி ட்ரைலரை மாட்டற ஹிட்ச் பக்கத்துல இருக்கற சிலிண்டர்லேர்ந்து வண்டிக்கு அடியில போற குழாய் பூரா கேஸ் நிரம்பி நிக்கும், கடைசில ஃப்ரிட்ஜுக்குள்ள பாய்லரை சூடாக்கற ஒரு நெருப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும், இதெல்லாம் 65 மைல் வேகத்துல. காத்துல நெருப்பு அணைஞ்சா கேஸ் கசியுமேன்னு சில பேர் பயப்படறாங்க, அது தேவையில்லாத பயம், நெருப்பு இல்லைன்னு சென்சார் பாத்ததும் ஃப்ரிட்ஜோட போர்டு மறுபடி பத்தவெச்சுப் பாக்கும், பத்தலைன்னா கேஸை மூடிடும். ஆனா அந்த வால்வு இருக்கறது ஃப்ரிட்ஜ் முனையில. அதுக்கு முன்னாடி இருக்கற குழாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா அது ஒண்ணும் பண்ண முடியாது. ட்ரைலர் டயர் வெடிச்சா கிழிஞ்ச ரப்பர் சுத்தி சுத்தி அடிப்பக்கத்தை அடிக்கும், தரைத்தகடு, ஒயரு எல்லாத்தையும் பிச்சு எடுக்கும், கேஸ் குழாயும் அதே அடிப்பக்கத்துலதான் போகுது. சிலிண்டர் கனெக்டர்ல அதிகமா கேஸ் ஓடினா தடுக்கற ஏற்பாடு இருக்கு, அந்த கனெக்டரோட பிளாஸ்டிக் நட்டும் நெருப்புல சூடாகி உருகினா கேஸ் நின்னுடும், நல்ல ஏற்பாடுதான், ஆனா பெருசா பீறிட்டாத்தான் அந்தத் தடுப்பு வேலை செய்யும், சின்ன கசிவை அது கண்டுக்காது. புரொப்பேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், தரையோட தரையா தேங்கி நிக்கும், காத்துல சுமார் 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கும்.

பெட்ரோல் போடற இடம் இன்னும் மோசம். பம்புக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணணும், இல்லைன்னா பக்கவாட்டு வென்ட்டுக்குள்ள நெருப்பு எரியும், அணைஞ்சா தானா ஸ்பார்க் அடிக்கும், பம்பு அதே பக்கம் நிக்கும். பின்னாடி பசங்க பாத்ரூம் பாத்ரூம்னு கத்தறப்ப இதை ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வெச்சுக்கணும், மனுஷ ஞாபகத்தை நம்பி ஒரு பாதுகாப்பு இருக்கறது எனக்குப் பிடிக்கல.

சரி, கேஸ் ஃப்ரிட்ஜே வெச்சுக்கிட்டு ஓட்டறப்ப மட்டும் ஆஃப் பண்ணலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம், நாலஞ்சு மணி நேரம் கதவைத் திறக்காம இருந்தா தாங்கும். ஜூலை மாசம் ஐ-95ல நாள் பூரா ஓட்டி, நடுவுல பசங்க ஜூஸுக்கு ரெண்டு தடவை திறந்தா தாங்காது, போய்ச் சேந்த பிறகு திரும்ப ஜில்லாக விடிஞ்சிடும். அதனாலதான் மூடணும்னு தெரிஞ்சவங்களும் திறந்துவிட்டே ஓட்டறாங்க. 12 வோல்ட்ல இந்த இழுபறியே இல்ல, கிளம்பறப்ப ரெண்டு சிலிண்டரையும் மூடிடலாம், ஃப்ரிட்ஜ் பாட்டுக்கு பேட்டரில ஓடும்.

கேஸ் ஃப்ரிட்ஜோட இன்னொரு விஷயம், 2006ல டொமெடிக் கம்பெனி 9 லட்சத்துக்கு மேல ஃப்ரிட்ஜை ரீகால் பண்ணிச்சு (அதாவது குறையை சரிபண்ணித் தரேன்னு திரும்பக் கூப்பிட்டுச்சு), பாய்லர் குழாய்ல விரிசல் விட்டு உள்ள இருக்கற அம்மோனியா-ஹைட்ரஜன் கலவை கசிஞ்சு தீப்பிடிக்கலாம்னு. 2010ல நார்கோல்டும் 1200 சீரிஸை ரீகால் பண்ணிச்சு. இதுக்காக எல்லா கேஸ் ஃப்ரிட்ஜும் ஆபத்துன்னு நான் சொல்ல வரல, ஆனா பழைய ட்ரைலர் வாங்கறவங்க மாடல் நம்பரை வெச்சு ரீகால் வேலை முடிஞ்சிருக்கான்னு கண்டிப்பா பாருங்க. வருஷா வருஷம் பர்னரையும் பாருங்க, சிலந்தி வந்து உள்ள கூடு கட்டும், நெருப்பு நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா அடைப்புன்னு அர்த்தம்.

12 வோல்ட்ல ஆபத்தே இல்லையான்னா அப்படியும் இல்ல. பழைய கேஸ் ஃப்ரிட்ஜுக்கு வந்த ஒயரு கண்ட்ரோல் போர்டுக்காகப் போட்ட மெல்லிசு ஒயரா இருக்கலாம், கம்ப்ரசர் இழுக்கற கரண்ட்டுக்கு பத்தாது, ஒயரு சூடாகும், வோல்டேஜ் இறங்கி ஃப்ரிட்ஜ் அடிக்கடி நிக்கும். நாங்க பேட்டரிலேர்ந்து தடிமனான ஒயரு தனியா இழுத்து ஃபியூஸும் போட்டோம். பழைய கேஸ் லைன் முனையை சரியான ஃப்ளேர் பிளக் (கேஸ் குழாய் முனைக்கான மூடி) போட்டு அடைச்சு, மொத்த லைனுக்கும் பிரஷர் டெஸ்ட் பண்ணணும், இதை மட்டும் டெக்னீஷியன்கிட்ட விடுங்க, டேப் சுத்தி மூடற வேலையே வேண்டாம்.

ஃப்ரிட்ஜை மாத்தினதால புரொப்பேன் வண்டியை விட்டுப் போகல, அடுப்பும், குளிர்ல வண்டியை சூடாக்கற ஃபர்னஸும் இன்னும் அதுலதான். பால்டிமோர்ல ஹார்பர் டனல், ஃபோர்ட் மெக்ஹென்ரி டனல் ரெண்டுலயும் ஒரு சிலிண்டர்ல 10 பவுண்டுக்கு மேல புரொப்பேன் இருந்தா விடமாட்டாங்க, வால்வு மூடியிருந்தாலும் கிடையாது. முன்னாடி கீ பிரிட்ஜ் வழியா போகலாம், அது 2024 மார்ச்ல கப்பல் மோதி விழுந்ததுலேர்ந்து ஊரைச் சுத்திப் போற 695 ஹைவேல மேற்குப் பக்கமா சுத்தித்தான் போகணும். வர்ஜீனியா ஹாம்ப்டன் ரோட்ஸ் டனல்ல வால்வு மூடியிருந்தா சாதாரண ட்ரைலர் சிலிண்டரோட போகலாம். தரைகிட்ட இருக்கற கேஸ் டிடெக்டருக்கும் ஆயுசு உண்டு, பெட்டிலயே தேதி போட்டிருக்கும், அது தாண்டினா பச்சை லைட் எரிஞ்சாலும் மாத்திடுங்க.

ஒண்ணு மட்டும் நான் உறுதியா சொல்ல முடியாது. நாங்க பெரும்பாலும் கரண்ட் இருக்கற கேம்ப்கிரவுண்ட்லதான் தங்கறோம். அரிசோனா குவார்ட்ஸைட் பாலைவனத்துல கரண்ட் இல்லாம வாரக்கணக்கா நிறுத்தறவங்களுக்கு கணக்கே வேற, கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 60லேர்ந்து 100 ஆம்ப்-அவர் (பேட்டரி சார்ஜோட அளவு) வரைக்கும் சாப்பிடும், அதுக்கு லித்தியம் பேட்டரி, சோலார்னு தனி செலவு, உறையற குளிர்ல லித்தியத்தை சார்ஜும் பண்ணக்கூடாது. கேஸ் ஃப்ரிட்ஜோ ஒரு 20 பவுண்ட் சிலிண்டர்ல பத்து நாளைக்கு மேல சத்தமில்லாம ஓடும். அப்படி ஒரே இடத்துல நிக்கறவங்க கேஸே வெச்சுக்கலாம், நிக்கற வண்டில அது எனக்குப் பயமா தெரியல. இடம் மாத்தறப்ப மட்டும் முந்தின நாளே ஃப்ரீசர்ல ஐஸ் பேக் உறைய வெச்சு கீழ்த்தட்டுக்கு மாத்திட்டு, வால்வை மூடிட்டு கிளம்புங்க.