பெட்டிச் சாவியும் ஜோஹோ புக்ஸும்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் கணக்கு முழுவதும் ஒரே ஒரு பழைய கணினிக்குள் இருந்தது. கோவை கணபதியில் பம்ப் செட்டுக்கு இம்பெல்லர், ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. அந்த ஆண்டு தீபாவளிக்குச் சற்று முன் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. நகல் எடுத்து வைக்காதது என் குற்றம். கார்பன் பிரதிகளைப் பார்த்து மூன்று மாத பில்களை மறுபடி ஏற்ற, பதினோரு இரவுகள் கண் விழித்தோம். பிறகுதான் ஆடிட்டர் பேச்சைக் கேட்டு, கணக்கை இணையத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருளான ஜோஹோ புக்ஸுக்கு மாறினேன்.

அப்பாவுக்கு ஒப்பவில்லை. "பெட்டிச் சாவியை ஊரான் கையில் கொடுக்கிறாயே" என்றார்.

அந்த ஊரான் யாரென்று தேடிப் படித்தேன். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் செய்துகொண்டிருந்தவர்கள். 2000க்குப் பின் தொலைத்தொடர்புத் துறை சரிந்ததும் வேறு வழி தேடினார்கள். 2005இல் இணையத்திலேயே எழுதும் ஜோஹோ ரைட்டர் வந்தது. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆயிற்று. புக்ஸ் வந்தது 2011இல். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டதெல்லாம் அப்பாவை அசைக்கவில்லை. வெளி முதலீட்டாளர் பணத்தை நம்பாமல் வளர்ந்தார்கள் என்றதும்தான், "சரி, தொழில் தெரிந்தவர்கள்" என்றார்.

2018இல் சரக்கு அனுப்பும்போது எடுக்க வேண்டிய இ-வே பில் வந்தது, அதற்கும் மென்பொருளில் இடம் வந்தது. பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் யாருக்குக் கட்டாயம் என்ற ஆண்டு விற்றுமுதல் வரம்பு 2020இல் 500 கோடியில் தொடங்கி 2023 ஆகஸ்ட்டில் 5 கோடிக்கு இறங்கியது. நாங்கள் இன்னும் அதற்குக் கீழேதான். வரம்பு எங்களைத் தொட்டாலும் அதற்கான வசதி இதிலேயே இருப்பதால் வேறு மென்பொருள் தேட வேண்டியதில்லை. சட்டம் மாற மாறத்தான் இவர்களுக்கு வேலை, வளர்ச்சி எல்லாம் என்று எனக்குத் தோன்றும்.

உண்மையில் என்னைக் கட்டிப்போட்டது நிலுவை நினைவூட்டல். எங்கள் தொழிலில் தொண்ணூறு நாள் கடன் சாதாரணம். பத்து ஆண்டுகளாகச் சரக்கு வாங்குபவரிடம் போனில் பணம் கேட்க வாய் வராது; கேட்டாலும் வீட்டு நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். இப்போது தவணை கடந்த ஏழாம் நாள் மின்னஞ்சல் தானே போகிறது. இயந்திரத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது. "உங்கள் கம்ப்யூட்டர் மறுபடி கேட்டுவிட்டது" என்று சிரித்துக்கொண்டே பணம் அனுப்பியவர்கள் உண்டு. ஆண்டுச் சந்தா இந்த ஒன்றிலேயே எனக்குக் கழிந்துவிடுகிறது.

மற்றபடி ஜோஹோ ஒன் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட செயலிகளை ஒரே கட்டாகத் தருகிறார்கள். பந்தி நிறையப் பதார்த்தம். நான் சாதமும் ரசமும் போதும் என்று எழுந்துவிடுகிற ஆள். 2025 ஜனவரியில் ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகித் தலைமை விஞ்ஞானியானார் என்ற செய்தியைப் படித்த அன்றும், என் பில் எண் வழக்கம்போல அடுத்த எண்ணுக்குத்தான் போயிற்று.

இருந்தாலும் சூடு கண்ட பூனை. மாதம் முதல் தேதி மொத்தக் கணக்கையும் எக்ஸெல் கோப்புகளாக இறக்கி, பென் டிரைவில் போட்டு அப்பாவிடம் கொடுக்கிறேன். அவர் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.